மட்டித்திடலில் ஆள் இல்லை

"புத்தகம் பாக்க வந்தனான்" என்றாள் ரபீக்கா.

"இது வாசிகசாலை இல்லை" என்றார் தலைமை லிகிதர் அருளம்பலம், கோவைத் தாள்களிலிருந்து தலையை எடுக்காமல். "வாசிகசாலை அங்கால, சந்தை ரோட்டில."

"கப்பல் உடைக்கிற புத்தகம். முப்பது நாளைக்கு ஆரும் வந்து பாக்கலாம், கருத்துச் சொல்லலாம் எண்டு கிண்ணியாத் துறையடியில கடதாசி ஒட்டியிருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சுச் சொன்னாங்க."

அருளம்பலம் இப்போது நிமிர்ந்து பார்த்தார். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுப் பதினொரு நாளாகியிருந்தது. பொதுமக்கள் என்று ஒருவர் வந்தது அன்றுதான். அப்படி ஒருவர் வருவாரென்றால் கால்சட்டை போட்டு, மூக்குக்கண்ணாடியோடு, முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு வருவார் என்று அவர் நினைத்து வைத்திருந்தார். வந்து நின்றது ஐம்பது வயது மதிக்கத்தக்க, சீலைத் தலைப்பால் முக்காடு போட்ட, செருப்பில்லாத ஒரு பெண்.

"ஓம், பாக்கலாம்" என்று கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். "அந்தா இருக்கு. வடிவாப் பாருங்கோ."

ரபீக்கா கிட்டப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நீல மட்டை போட்ட தடித்த புத்தகம். பூட்டு.

"வெளிய எடுக்க மாட்டீங்களா?"

"பார்வைக்கு வைக்கச் சொல்லித்தான் கடிதம் வந்தது. கையில குடுக்கச் சொல்லி இல்லை."

"அப்ப அடக்கப் போற மையத்தைப் பாக்கிற மாதிரி முகத்தைப் பாத்திட்டுப் போகச் சொல்றீங்க."

மூலையில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றது. குணேஸ்வரி குனிந்து, விழாத ஒரு தாளைக் கீழே தேடினாள். அவள் சிரிப்பு வந்தால் அப்படித்தான் செய்வாள்.

"இங்கிலிஸ் தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டார் அருளம்பலம். "முழுக்க இங்கிலிசில இருக்கு."

"எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரிஞ்சால் என்ன? வாசிச்சுக் காட்டுறது என்ர கடமை இல்லை."

"அப்ப ஆர்ட கடமை?"

அந்தக் கேள்விக்குக் கந்தோர் விதிகளில் விடை இருக்கவில்லை. விடை இல்லாத கேள்விகளை அருளம்பலம் குணேஸ்வரியிடம் அனுப்பிவிடுவார். தமிழிலும் இங்கிலிசிலும் படித்தவள் என்றுதான் அவளை அந்த மேசையில் இருத்தியிருந்தார்கள்.

"பிள்ளை, அலுமாரித் திறப்பை எடும். ஒரு பக்கம் மட்டும். எழுத்தில குடுக்கிறேல்லை, வாயால மட்டும்."

"எந்தப் பக்கம் வேணும்?" என்று குணேஸ்வரி கேட்டாள்.

"எங்கட மட்டித்திடலைப் பத்தி எழுதின பக்கம், மகள்."

அது நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. குணேஸ்வரி ஒருமுறை மனதுக்குள் வாசித்து, பிறகு மெல்லிய குரலில் தமிழில் சொன்னாள். "இந்தக் கரையில் மனித நடமாட்டம் காணப்படவில்லை. மீன்பிடியோ வேறு தொழிலோ நடப்பதற்கான அடையாளம் இல்லை. ஆகவே திட்டத்தால் எவருடைய வாழ்க்கைக்கும் பாதிப்பு ஏற்படாது."

"எப்ப வந்து பாத்தவங்களாம்?"

"மே மாதம் இருபத்தோராம் திகதி. பகல் பன்னிரண்டு நாற்பது தொடக்கம் ஒன்று இருபத்தைந்து வரைக்கும்."

"அது என்ன கிழமை?"

குணேஸ்வரி சுவர் நாட்காட்டியின் தாள்களைப் பின்னால் புரட்டினாள். "வெள்ளிக்கிழமை."

ரபீக்கா சிரித்தாள். கந்தோரில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. "வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில எங்கட கரையில காகத்தையும் காணக் கிடைக்காது! ஆம்பிளையள் பள்ளியில, பொம்பிளையள் குசினியில. தொழுகை முடியுமட்டும் எங்கட ஊரில ஒருத்தரும் தண்ணியில கால் வைக்கிறதில்ல. அது அவங்களுக்குத் தெரியாதா?"

சிரிப்பு வந்த மாதிரியே நின்றும் போனது.

"மகள், அந்தக் கடைசி வரியைத் திருப்பிச் சொல்லு. எவருடைய வாழ்க்கைக்கும்?"

"பாதிப்பு ஏற்படாது."

"ம்" என்றாள் ரபீக்கா. சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது நடந்தது எண்பத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பழைய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வந்து, வெட்டி, இரும்பாக விற்பதற்கு ஒரு கம்பனி இடம் தேடிக்கொண்டிருந்தது. கப்பலைத் தரைதட்ட வைக்க ஆழமில்லாத, சேறான, ஆளில்லாத கடல் வேண்டும். கொட்டியாரக் குடாவில் கிண்ணியாவுக்குக் கிட்ட இருந்த மட்டித்திடல் ஆழமில்லாமலும் சேறாகவும் இருந்தது. மூன்றாவது தகுதியை அறிக்கை கொடுத்தது.

கட்டுவதற்கு முன்னால் கட்டினால் என்ன கெடும் என்று எழுதிப் பார்க்க வேண்டும், எழுதியதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் நாட்டுக்குள் வந்திருந்தது. அதற்கான சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. கொழும்பில் யாரோ ஓர் அதிகாரிக்கு அதை ஒத்திகை பார்க்கும் ஆசை வந்தது. ஒத்திகைக்குத் திருகோணமலை அகப்பட்டது. துறைமுக வட்டாரத் திட்டமிடல் கிளைக் கந்தோர் என்று பெயர்ப்பலகை எழுதி, அருளம்பலத்தையும் குணேஸ்வரியையும் ஒரு ஜீப்பையும் கொடுத்தார்கள்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்பது அந்தப் புத்தகத்தின் பெயர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது, உழைத்துத்தான் எழுதியிருந்தார்கள். பதினேழு வகைக் கடற்பறவைகள் இருந்தன. ஒன்பது வகை நண்டுகள் இருந்தன. சேற்றில் என்னென்ன உப்புகள் என்று ஒரு அட்டவணை இருந்தது. மட்டிச் சிப்பிக்கும் இலத்தீன் பெயரோடு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். மட்டி எடுக்கிறவர்கள்தான் இல்லை.

ரபீக்கா பன்னிரண்டு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மட்டித்திடலில் இறங்கினவள். அவளுடைய வாப்பா கடற்படைத் தளத்தில் சுமை தூக்கினார். வெள்ளைக்காரர் ஐம்பத்தேழில் தளத்தை விட்டுப் போனபோது, "கொடியை இறக்கினாங்க, வாப்பாவையும் இறக்கினாங்க" என்று ரபீக்கா சொல்லுவாள். அதன் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது திடலால்தான். ஸஹாப்தீனைக் கட்டிய பிறகும் அப்படியே. ஸஹாப்தீன் காட்டில் விறகு வெட்டி வந்தவர். நாற்பது வயதில் மூச்சிழுப்பு வந்து, இரண்டு மரம் வெட்டினால் மூன்று நாள் படுக்க வேண்டிய மனிதர் ஆனார். மூன்று பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் ரபீக்காவின் கால்கள்.

கால்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மட்டி எடுக்கக் கண் உதவாது. நீர் வற்றிய நேரத்தில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் நடந்து, சேற்றுக்குள் பாதத்தை மெல்லத் திருகித் திருகித் தேட வேண்டும். கல் என்றால் ஒரு மாதிரி இடறும், செத்த ஓடு என்றால் கூர் குத்தும், உயிருள்ள மட்டி என்றால் வழுக்கி உள்ளே இறங்கப் பார்க்கும். இறங்குமுன் குனிந்து பிடித்து, இடுப்பில் கயிறு கட்டிய அலுமினியச் சட்டிக்குள் போட வேண்டும். சட்டி தண்ணீரில் மிதந்தபடி பின்னால் வரும். ரபீக்கா நடக்கும்போது சட்டியில் 'டிங்' என்ற சத்தம் ஓயாது. பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டு எரிச்சல்படுவார்கள். சதையை அவித்துச் சந்தைக்கு அனுப்புவாள். ஓடுகளைச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் வந்து வண்டியில் ஏற்றுவார்கள். அந்தத் திடலில் அவளைப் போல நாற்பத்து மூன்று பெண்கள்.

அரசாங்கத்தோடு அவளுக்கு இது முதல் சந்திப்பல்ல. அறுபத்து நான்காம் ஆண்டுச் சூறாவளியில் கூரை போனது. நிவாரணம் எழுத வந்தவர், வீட்டுக்கு இலக்கம் இல்லாதபடியால் வீடு இல்லை என்று முடிவு செய்தார். அவர் அந்த முடிவை எடுத்தது அதே வீட்டுக்குள் நின்று, அவள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு. எண்பத்தோராம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளிடம் கேட்காமல் 'இல்லை' என்று எழுதினார். "மட்டி எடுக்கிறனான்" என்று அவள் சொன்னாள். "அது தொழில் இல்லை, வீட்டு வேலை" என்று அவர் விளக்கினார். அவர் புறப்படும்போது ஒரு கோப்பை மட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.

"அரசாங்கம் என்னை இது மூணாந்தரம் பாக்குது" என்று அவள் பிறகொரு நாள் குணேஸ்வரியிடம் சொன்னாள். "மூணு தரமும் நான் இல்ல."

முதல் வருகைக்குப் பிறகு நாலாம் நாள் அவள் திரும்பவும் வந்தாள், கூட மட்டி எடுக்கும் ஸல்ஹாவையும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு. கருத்துச் சொல்ல வேண்டும் என்றார்கள்.

"கருத்து உரிய படிவத்திலதான் எடுக்கலாம்" என்றார் அருளம்பலம். அதில் அவருக்கும் மனவருத்தம் இருந்தது. படிவம் அனுப்பும்படி கொழும்புக்கு மூன்று நினைவூட்டல் எழுதிவிட்டார். 'படிவம் தயாராகிறது' என்று மூன்று பதில் வந்திருந்தது. வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை, வெறுந்தாளில் எழுதி வாங்கவும் கை வரவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுச் சேவையில் அவர் வெறுந்தாளில் ஒன்றும் வாங்கினதில்லை.

களஞ்சிய அறையைத் திறந்து அரை மணி நேரம் தேடினார். இருமிக்கொண்டு ஒரு கட்டோடு வெளியே வந்தார். எழுபத்தெட்டாம் ஆண்டு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது தவறுதலாகத் திருகோணமலைக்கு அனுப்பி, திருப்பி எடுக்க மறந்த படிவங்கள்.

"ஐயா, இது சூறாவளி நிவாரணப் படிவம்" என்றாள் குணேஸ்வரி.

"படிவம்தானே, பிள்ளை?"

"மேல தலைப்பையாவது வெட்டி விடுவம்."

"அரசாங்கம் அச்சடிச்சதை நாங்கள் பேனையால வெட்டுறதோ?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார்.

படிவம் நிரப்ப உதவுவது குணேஸ்வரியின் கடமைகளில் ஒன்று. அன்று காலை தொடங்கி அடுத்த நாள் பின்நேரம் வரை, ஆள் ஆளாக வந்த நாற்பத்து மூன்று பேருக்கும் எழுதினாள்.

"பாதிக்கப்பட்டவரின் பெயர்?"

"ரபீக்கா. எழுது."

"பாதிக்கப்பட்ட திகதி?"

"இன்னும் பாதிக்கல்ல. பாதிக்கப் போகுது."

"சேதமான கூரையின் வகை. ஓலை, ஓடு, தகரம்."

"தண்ணி எண்டு போடு, மகள். எங்கட கூரையெல்லாம் அந்தத் தண்ணிதான்."

"இடிந்த சுவர்களின் எண்ணிக்கை?" என்று வாசித்துவிட்டுக் குணேஸ்வரிக்கே கூச்சமாக இருந்தது.

பின்னால் நின்ற ஸல்ஹா எட்டிப் பார்த்தாள். "எனக்கு நாலு சுவரும் போடு புள்ள. கிடைச்சா நல்லந்தானே!"

"வாயை மூடு. இது நிவாரணமில்ல, கருத்து" என்றாள் ரபீக்கா.

கடைசியில் 'வேறு விபரங்கள்' என்று மூன்று விரல் அகல இடம் இருந்தது. கருத்து அங்கேதான் போனது. நாற்பத்து மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். நாங்கள் அங்கே இருக்கிறோம், வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மட்டும் இல்லை.

மூன்று கிழமையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. குறித்த மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தில் சூறாவளி எதுவும் வீசவில்லை என்று வளிமண்டலவியல் பகுதியில் கேட்டு உறுதிப்படுத்தியிருப்பதாகவும், ஆகவே நாற்பத்து மூன்று விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படுவதாகவும் முதலாம் பந்தி சொன்னது. இரண்டாம் பந்தியை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும். ஆளில்லாத இடத்தில், வீசாத சூறாவளியால், நாற்பத்து மூன்று பேர் பாதிக்கப்பட்டது எப்படி என்பதை நேரில் ஆராய ஆய்வுக் குழு திரும்ப வரும் என்று அது சொன்னது.

"பாத்தீரோ பிள்ளை?" என்றார் அருளம்பலம். "படிவம் வேலை செய்யும்."

உண்மையில் வேலை செய்துதான் இருந்தது. அந்த மகிழ்ச்சி, குழுவின் பயண ஒழுங்குகளைத் தட்டச்சு செய்யும்போது குணேஸ்வரிக்குப் போய்விட்டது. ஒக்டோபர் பதினைந்தாம் திகதி. அவள் நாட்காட்டியைப் பார்த்தாள்.

"ஐயா, இதுவும் வெள்ளிக்கிழமை."

"அண்டைக்குத்தான் ஜீப் இருக்கு. மற்ற நாளெல்லாம் தேர்தல் வேலைக்குக் குடுத்தாச்சு."

"ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் குடுக்கேல்லை?"

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சாரதி ஜெமீல் பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை நான் தூர ஓட்டம் போறதில்ல, மிஸ். ஜும்ஆ இருக்குதானே. கிண்ணியா எண்டா சரி, அங்க பள்ளி கிட்ட. போன முறையும் அப்பிடித்தான். ஐயாமாரைக் கரையில இறக்கி விட்டிட்டு நான் தொழப் போனனான். எவ்வளவு நேரம் ஆகும் எண்டு கேட்டாங்க. குத்பாப் பிரசங்கம் நீளாட்டி முக்கால் மணித்தியாலம் எண்டு சொன்னன்."

பன்னிரண்டு நாற்பது தொடக்கம் ஒன்று இருபத்தைந்து. குணேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழாம் பக்கத்தின் ஆராய்ச்சி, ஒரு மனிதர் தொழுது முடித்து வரும்வரை இரண்டு பேர் நின்ற நேரம்.

"நீங்கள் கிண்ணியா ஆள்தானே. அவை உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டாங்க" என்றார் ஜெமீல். "இளநி எங்க கிடைக்கும் எண்டு."

திகதியை மாற்றும்படி எழுதலாமா என்று குணேஸ்வரி கேட்டாள். கொழும்பு தீர்மானித்த திகதியைக் கிளைக் கந்தோர் மாற்றுவது கிடையாது என்றார் அருளம்பலம். அவள் ஜெமீலிடம் செய்தி சொல்லி அனுப்பினாள்.

கிண்ணியாவில் அந்தச் செய்தி இறங்கியதும் ரபீக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமைதான் வருவார்கள் என்றால் வெள்ளிக்கிழமையே தண்ணீரில் நிற்பது.

"பாங்கு சொல்ற நேரத்தில பொம்பிளையள் கடலிலயா?" என்று ஸஹாப்தீன் இழுப்புக்கு நடுவே கேட்டார். "ஊர் என்ன சொல்லும்?"

"புத்தகத்தில ஊரே இல்ல எண்டுதானே இருக்கு. இல்லாத ஊர் என்னத்தைச் சொல்லப் போகுது?"

ஊர் சொல்லத்தான் செய்தது. இரண்டு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் கூப்பிட்டு விசாரணை. ஆனாலும் நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். வீட்டில் கறியை நேரத்தோடு இறக்கி வைத்து, சட்டியைக் கட்டிக்கொண்டு, வரிசையாக இறங்கினார்கள். ஒன்றை மட்டும் மாற்ற அவர்களால் ஏலாமல் இருந்தது. அந்த நேரத்தில் நீர் பெருகி நின்றது. முழங்காலுக்கு இருக்க வேண்டிய தண்ணீர் நெஞ்சுக்கு நின்றது. குனிந்தால் தலை முழுகும், மட்டிக்குக் கை எங்கே எட்டும்? சட்டிகள் அலையில் அடிபட்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நனைந்த சீலையோடு, சும்மா, நின்றார்கள்.

ஜீப் வந்தது. ஐயாமார் இரண்டு பேரும் இறங்கினார்கள். தாழம் புதருக்கு இப்பால் வந்து கடலைப் பார்த்தார்கள். உடனே திரும்பி நின்றுகொண்டார்கள்.

"மரியாதை தெரிஞ்ச மனிசர்" என்று ஸல்ஹா பிறகு கந்தோரில் வந்து சொன்னாள். "நாங்க கையைக் காட்டிக் கூப்பிட்டம். கூப்பிடக் கூப்பிட அவங்க தூரப் போறாங்க."

"நான் சட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டினன்" என்றாள் ரபீக்கா. "ஒருத்தர் கண்ணைப் பொத்திக்கிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன, ஜெமீல் தொழுதிட்டு வந்தான். போயிட்டாங்க."

ஒக்டோபர் கடைசியில் அறிக்கையின் பின்னிணைப்பு வந்து சேர்ந்தது. மறுபடியும் கண்ணாடி அலுமாரி, மறுபடியும் முப்பது நாள். அருளம்பலம் அதை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். ரபீக்கா கேட்டதும், இந்த முறை அவராகவே திறப்பை நீட்டினார். குணேஸ்வரி எழுந்து நின்று வாசித்தாள்.

"முன்னைய அறிக்கையில் விடுபட்ட ஒரு விடயம் திருத்தப்படுகிறது. மட்டித்திடலை அயற்கிராமப் பெண்கள் வழக்கமான குளிக்கும் இடமாகப் பயன்படுத்துகின்றனர். ஆய்வு நேரத்தில் நாற்பத்து மூன்று பெண்கள் குளித்துக்கொண்டிருந்தனர். திட்டத்தால் இவர்கள் தங்கள் குளிக்குமிடத்தை இழப்பர். இப்பாதிப்பை ஈடுசெய்ய, நான்கு பக்கமும் மறைப்புச் சுவருடன் சீமெந்துக் கிணறு ஒன்று கட்டிக் கொடுக்கப்படும்."

"கவனிச்சிருக்கினம்" என்றார் அருளம்பலம். முப்பத்திரண்டு ஆண்டில் அவர் அனுப்பிய ஒரு படிவத்துக்கு ஒரு கிணறு பதிலாக வந்தது இதுதான் முதல் தடவை.

"நாப்பத்து மூணு எண்டா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் ரபீக்கா.

"ஓம்."

"எண்ணினது சரி" என்றாள். "கருத்துச் சொல்லப் போனம். குளிச்சிட்டு வந்திருக்கம்."

ஸல்ஹா சிரிக்கத் தொடங்கி, ரபீக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் திட்டம் என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். எண்பத்து மூன்று தொடக்கத்தில் கம்பனி விலகிக்கொண்டது. உலகச் சந்தையில் பழைய இரும்பின் விலை விழுந்துவிட்டது என்பது அருளம்பலத்தின் விளக்கம். கோவையைக் கட்டி வைத்தார்கள். ஆனால் கிணற்றுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, வந்த ஒப்புதலைத் திருப்பி அனுப்பப் படிவம் இல்லை. ஆகவே உடைக்க ஒரு கப்பலும் வராத கரையில், கப்பல் உடைப்பதால் வரும் பாதிப்பை ஈடுசெய்யும் கிணறு கட்டப்பட்டது. தண்ணீர் உப்பு. மறைப்புச் சுவரின் நிழலில் ஆடுகள் படுக்கின்றன. மட்டி எடுக்கும் பெண்கள் சீலையைக் காயப் போட அந்தச் சுவர் உதவுகிறது. வெள்ளிக்கிழமையில் அதுவும் இல்லை.

ரபீக்கா இரும்பு விலைக் கதையை நம்பவில்லை. கோவையின் கடைசித் தாளாக இங்கிலிசில் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. படிவத்தில் அல்ல, வெறுந்தாளில் எழுதியது. கீழே பெயர், அன்புவழிபுரம் என்று விலாசம், கையெழுத்து. அதற்காக எழுதியவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கந்தோர் ஊழியர் ஒருவர் பொதுமக்களாக இருக்கலாமா என்று கொழும்பில் இரண்டு பேர் பல மாதம் எழுதிக்கொண்டார்கள். குணேஸ்வரியின் சம்பள உயர்வு அந்த வருடம் நின்று போனது. தான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை என்று அருளம்பலம் எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதியதுதான் அவர் அவளுக்குச் செய்த உதவி. கம்பனியைத் திருப்பி அனுப்பியது அந்தத் தாள்தான் என்று ரபீக்கா கிண்ணியா முழுக்கச் சொல்லித் திரிந்தாள். குணேஸ்வரியிடம் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லுவாள்.

அவள் தானாக எழுதக்கூடிய பெண் அல்ல. கந்தோரில் யாராவது இரண்டாந்தரம் பெயர் கேட்டால் குரல் இறங்கிவிடும். அந்த இரண்டாவது முப்பது நாளில் ஐந்து நாள்தான் மிச்சம் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை பின்நேரம், ரபீக்கா கந்தோருக்குள் வராமல் வெளியே பஸ் நிற்கும் இடத்தில் அவளுக்காகக் காத்து நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நின்றார்கள்.

"இன்னொரு தரம் படிவம் நிரப்புவமா?" என்று குணேஸ்வரி கேட்டாள்.

"வேணாம் மகள். இனி நாங்க என்ன எழுதினாலும் கிணத்தை ரெண்டாக்கித் தருவாங்க."

"நான் என்ன செய்ய ஏலும்? நான் கந்தோர் ஆள். எனக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை."

"நாலரை மணிக்குப் பிறகும் நீ கந்தோர் ஆளா?"

கப்பல்துறைப் பக்கம் போகும் பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிப் போனது.

"அவங்க ரெண்டு தரம் வந்து பாத்தாங்க" என்றாள் ரபீக்கா. "கரையில நிண்டு பாத்தா அப்பிடித்தான் தெரியும். நான் ஒன்னட்ட ஒண்டு கேக்கிறன், மாட்டன் எண்டு சொல்லாத. புதன்கிழமை காலமை ஏழு மணிக்குத் தண்ணி நல்லா வத்தும். மழை கனத்தா இனித் தை மாசந்தான் திடலில இறங்கலாம். லீவு போட்டிட்டு வா. பாக்கிறதுக்கு வராத. சீலையை இழுத்துச் செருகிக்கிட்டு என்னோட இறங்கு. பத்து மணி மட்டும் என்னோட நட. ஒரு மட்டியாவது நீயே எடு. பிறகு வீட்டை போய் இருந்து இங்கிலிசில எழுது. எங்கட பேர் ஒண்டும் அதில வேணாம். 'ரபீக்கா அங்க இருக்கிறா' எண்டு எழுதாத. 'நான் அங்க இருந்தனான்' எண்டு எழுதி, கீழ ஒன்ட பேரைப் போடு."